எலும்பு, மூட்டு ஆராய்ச்சிக்குச் சம்பளத்தோடு மேல்படிப்பு: மதுரைப் பக்கத்து மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனி, சிவகங்கைக் கல்லூரிகளில் மெக்கானிக்கல், பயோமெடிக்கல், பிசியோதெரபி படிப்பவர்கள் எலும்பியல் பயோமெக்கானிக்ஸ் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. ஒன்றிரண்டு அவர்களுடைய அப்பா அம்மா கேட்டவை. உதவித்தொகைகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இந்தத் துறையில் அப்படி என்னதான் செய்வார்கள்?

எலும்பு, மூட்டு, தசைநார் மேல் எவ்வளவு விசை விழுகிறது, எவ்வளவு வரை தாங்கும், உடைந்தால் எதை வைத்துப் பிடித்தால் ஒழுங்காகக் கூடும் என்று கணக்கிட்டும் சோதித்தும் பார்ப்பார்கள். தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் மாடு முட்டித் தொடை எலும்பு முறிந்து ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வையுங்கள். பிளேட்டும் திருகும் போடுவது மருத்துவர் வேலை. அந்த பிளேட் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், திருகு எத்தனை, எந்த இடைவெளியில் என்பது நம் வேலை.

கெட்டி எலும்பின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, ஏறத்தாழ 17 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் கலவைக்கு அது 110, ஸ்டீலுக்கு 190-க்கு மேல். சுமையை எல்லாம் பிளேட்டே வாங்கிக்கொண்டால் அதன் அடியில் இருக்கும் எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு மெலிந்துவிடும். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். சரி, பிளேட்டை இளக்கமாகச் செய்துவிடலாமே என்றால், முறிந்த இடம் ஆடிக்கொண்டே இருக்கும், எலும்பு ஒன்றுசேராது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்ற ஒரு கேள்வியிலேயே இன்றைக்கும் பிஎச்டி முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

‘ஃபண்டட்’ என்றால் ஸ்காலர்ஷிப்பா? மார்க் அதிகம் இருந்தால் தானாகக் கிடைக்குமா?

இந்த ஒன்றைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குப் பழக்கமான உதவித்தொகை மார்க்குக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருவது. ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஒரு பேராசிரியர் அரசிடமோ நிறுவனத்திடமோ ஒரு திட்டம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருப்பார். அந்தத் திட்டத்தில் ‘ஒரு ஆய்வு மாணவருக்கு இத்தனை ஆண்டுச் சம்பளம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உங்கள் இடம்.

ஆகவே தேட வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரை அல்ல, கையில் திட்டம் இருக்கிற ஆளை. தரவரிசையில் எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தில் நல்ல இடுப்பு மூட்டு லேப் இருக்கும். பேர்போன இடத்தில் இந்தத் துறைக்கு ஆளே இருக்க மாட்டார்கள். மார்க் உங்களை வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே கூப்பிடுவது, ‘என் வேலையை இந்தப் பிள்ளை செய்வான், செய்வாள்’ என்று அந்த ஆளுக்கு வரும் நம்பிக்கை.

இந்தியாவிலேயே படித்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?

கேட் நுழைவுத் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது.

பிஎச்டி என்றால் கதை வேறு. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, இரண்டு ஆண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. வெளியில் தங்கினால் வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடி-களிலும் இதே அளவில்தான் தருகிறார்கள். பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் இளநிலை வகுப்புக்கோ லேபுக்கோ உதவ வேண்டும். 2018-ல் வந்த பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை இதற்கெல்லாம் மேலே: முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அதற்குப் பின் 80,000. போட்டி கடுமை. அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகை, முழுநேர பிஎச்டி-க்குத் தமிழக அரசு தரும் ஊக்கத்தொகை, வெளிநாடு போக அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் என்று தனி வழிகள் உண்டு. நம் பக்கத்தில் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் நலத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

எந்த இடங்களைப் பார்க்கலாம்?

ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை; அதனால் ஐஐடி மெட்ராஸிலிருந்து தொடங்குவோம். அங்கே பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும் மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம் இருக்கிறது. நிற்க வைக்கும் சக்கர நாற்காலி ‘அரைஸ்’, உடலுக்கு ஏற்ற அளவில் செய்யும் சக்கர நாற்காலி ‘நியோஃப்ளை’, அதில் மாட்டும் மோட்டார் இணைப்பு ‘நியோபோல்ட்’, 2022-ல் வந்த செயற்கை முழங்கால் ‘கதம்’ எல்லாம் அங்கே பிறந்தவை. ‘கதம்’ 160 டிகிரி வரை மடங்கும். டவுன் பஸ் சீட்டில் செயற்கைக் கால் பொருத்தியவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 2023-ல் அங்கே மருத்துவ அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்று தனித் துறையே தொடங்கினார்கள். எம்.டெக்.-க்குப் பதிலாக ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். படிக்கும் வாய்ப்பும் உண்டு. இந்தத் துறைக்கு வர நினைக்கும் பி.இ. மாணவருக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், வேலூர் சிஎம்சி, ஐஐடி மெட்ராஸ் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் பாடம் நடத்துகின்றன. இவை தவிர பெங்களூர் ஐஐஎஸ்சி, மருத்துவக் கருவிகள் உருவாக்கும் ஐஐடி பம்பாயின் பெட்டிக் மையம், 1971 முதல் எய்ம்ஸோடு சேர்ந்து நடக்கும் ஐஐடி டெல்லியின் உயிர்மருத்துவப் பொறியியல் மையம், ஐஐடி ஹைதராபாத். முதுகெலும்பில் ஆர்வம் என்றால் கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவும் முதுகெலும்புத் தட்டுகள் (டிஸ்க்) பற்றி எழுதிய ஆய்வுகளைப் படியுங்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்குள் இருந்தபடி உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியும் என்பது அதிலிருந்து தெரியும்.

நான் மெக்கானிக்கல். பயோமெடிக்கல் படிக்கவில்லையே?

நல்லதாகப் போயிற்று. திடப்பொருள் விசையியல், ஃபைனைட் எலிமென்ட், பொருளறிவியல் மூன்றும் உறுதியாக இருந்தால் எலும்பின் பெயர்களை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். தலைகீழாகப் போவது கஷ்டம். கேட் தேர்வில் மெக்கானிக்கல் தாளே எழுதுங்கள். பயோமெடிக்கல் தாள் 2020-ல் வந்தது, அதை வைத்தும் சில இடங்களில் எடுப்பார்கள். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

பிசியோதெரபி படித்தவர்களுக்கு?

நடை ஆய்வு, தசைச் செயல்பாடு, மறுவாழ்வு பக்கம் உங்களுக்கு முன்னுரிமையே உண்டு. நோயாளியைத் தொட்டுப் பார்த்த அனுபவம் பொறியாளருக்கு இல்லை. ஆனால் கொஞ்சம் பைத்தானும் புள்ளியியலும் இல்லாமல் இப்போது யாரும் சேர்ப்பதில்லை.

எங்கள் கல்லூரியில் அதற்கான லேப் இல்லை. என்ன செய்ய?

லேப் இருக்கிறது. சிவில் துறைக்காரர்கள் கம்பியை இழுத்து உடைக்கும் யூடிஎம் மெஷின் இல்லாத இன்ஜினியரிங் கல்லூரி இந்தப் பக்கத்தில் ஏது?

கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுத் தொடை எலும்பு வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். ஒரே எடை, ஒரே வயது ஆடாக இருந்தால் நல்லது; பாய் கடையில் முதல் நாளே சொன்னால் எடுத்து வைப்பார். சதையைச் சுரண்டி எடுத்து, உப்பு நீரில் நனைத்த துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சோதிக்கும் நாளில் வெளியே எடுத்து முழுதாக இளக விட வேண்டும். சோதனை முடியும் வரை ஈரம் காயக் கூடாது. காய்ந்த எலும்பு விறைப்பு கூடி, நொறுங்குவது போல உடையும். உயிருள்ள எலும்பு அப்படி நடந்துகொள்ளாது.

அப்புறம் ஒரு சிக்கல் வரும். கல்லூரி யூடிஎம் பெரும்பாலும் 40 டன் மெஷின். ஆட்டெலும்பு சில கிலோ நியூட்டனிலேயே முறிந்துவிடும். அந்தப் பெரிய மெஷினின் அளவுகோலில் இது ஒரு ஓரத்துக் கோடு; படிக்கும் எண்ணை நம்ப முடியாது. விசையை அளக்கும் சின்ன உணரி (லோடு செல்) ஒன்று வாங்கி எலும்புக்கு மேல் பொருத்தி, அதன் அளவைத் தனியாகக் கணினியில் பதிவு செய்யுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. இந்தச் சிக்கலை நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். ‘ஆர்வமுள்ள மாணவன்’ என்று பத்து வரி எழுதுவதை விட அந்த ஒரு வரி பெரிது.

இடது காலில் ஒன்றும் செய்யாமல், வலது காலில் குறுக்காக அறுத்து பிளேட் போட்டு, இரண்டையும் வளைத்துப் பாருங்கள். ஒரே ஆட்டின் இரண்டு கால் என்பதால் ஒப்பிடவும் சுலபம்.

கணினி மட்டும்தான் என்றால் அதற்கும் வழி உண்டு. உடல் அசைவைக் கணக்கிட ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்சிம், திசுக்களில் விழும் விசையைக் கணக்கிட யூட்டா பல்கலைக்கழகத்தின் ஃபெபயோ, சிடி படத்திலிருந்து எலும்பு வடிவத்தைப் பிரித்தெடுக்க த்ரீடி ஸ்லைசர், மூன்றுமே இலவசம். இரண்டு ஐபோன் கிடைத்தால் ஓப்பன்கேப் என்ற மென்பொருள் வழியாக நடையையே அளந்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: மனிதரை அளந்தாலும் சரி, மருத்துவமனையிலிருந்து சிடி படம் வாங்கினாலும் சரி, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் முதலில். தெரிந்த டாக்டர் பென்டிரைவில் கொடுத்தார் என்பது செல்லாது.

ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

நம் வீட்டிலேயே கிடக்கிறது. சப்பணம் போட்டுச் சாப்பிடுகிறோம், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறோம், களை எடுக்கிறோம். முழங்கால் 130 டிகிரிக்கு மேல் மடங்குகிறது. வழக்கமான மூட்டு மாற்று அறுவைக்குப் பின் பலருக்கும் 110, 120 டிகிரிதான் வரும். குந்தும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் எவ்வளவு அழுத்தம், செயற்கை மூட்டின் பிளாஸ்டிக் எந்த ஓரத்தில் தேயும் என்பதெல்லாம் இன்னும் முழுதாக விடை காணாத கேள்விகள். செயற்கை முழங்காலைத் தேய்மானத்துக்குச் சோதிக்கும் பன்னாட்டு முறை சாதாரண நடையை வைத்து, 50 லட்சம் சுழற்சி ஓட்டச் சொல்கிறது. நம் பாட்டி கோலம் போட உட்கார்ந்து எழுந்திருப்பது அந்த மெஷினுக்குத் தெரியாது.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் கழுத்தும் இடுப்பும் இன்னொன்று. தலையில் மூட்டையோடு நடக்கும்போது கழுத்தெலும்புத் தட்டுகளில் விழும் சுமையைக் கணக்கிடலாம். புத்தூர்க் கட்டு போட்டுக்கொள்கிறவர்கள் இன்றும் நிறைய. மூங்கில் பத்தை எவ்வளவு அசைவை அனுமதிக்கிறது என்று அளந்து பார்க்கலாமே. கிண்டலாகவோ பெருமையாகவோ இல்லாமல், வெறும் அளவாக.

வெளிநாட்டில் யார் பணம் தருவார்கள்?

அமெரிக்காவில் பிஎச்டி சேர்ந்தால் கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்று, ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலையும் கொடுக்கும். ஆண்டுக்கு 25,000 டாலர் தொடங்கி ஊரைப் பொறுத்து 40,000-க்கு மேலும் போகும். பி.இ. முடித்தவுடனே பிஎச்டி-க்கு விண்ணப்பிக்கலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்தில் வரும். பணத்தோடு இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு. அதற்கு முன் உடனே சொல் என்று நெருக்கினால் பணிவாக அந்தத் தேதியைச் சொல்லுங்கள். பென்சில்வேனியா, டென்வர், டெலவேர், மேயோ கிளினிக் போன்ற இடங்களில் எலும்பியல் லேப்கள் பெரியவை.

ஜெர்மனி, நெதர்லாந்தில் பிஎச்டி மாணவர் என்றால் வேலை ஒப்பந்தத்தோடு சம்பளம் வாங்கும் பணியாளர். விளம்பரம் வரும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாக எம்.இ., எம்.டெக். முடித்திருக்க வேண்டும். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் ஜூலியஸ் வோல்ஃப் நிறுவனம், சுவிட்சர்லாந்து டாவோஸில் எலும்பு முறிவுச் சிகிச்சையை ஆராயும் ஏஓ ஆய்வு நிறுவனம், பெல்ஜியத்தில் லூவன், நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பார்க்க வேண்டிய இடங்கள். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மரி கியூரி முனைவர் வலைப்பின்னல் இடங்களுக்கு நாட்டுத் தடை கிடையாது. கடைசி 36 மாதத்தில், சேரப்போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. மதுரையை விட்டு நகராதவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? விளம்பரங்கள் ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளுக்கான யூராக்செஸ் தளத்தில் வரும்.

பிரிட்டனில் லீட்ஸும் இம்பீரியலும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள். அரசு நிதியின் குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26-ல் 20,780 பவுண்டு. ஆனால் வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் இடம் குறைவு, கட்டண வித்தியாசம் வேறு இடிக்கும். முழுதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கடன் வாங்கி எம்.எஸ். போகட்டுமா?

ஆராய்ச்சிதான் குறிக்கோள் என்றால் வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துவிட்டுப் போகிறவர் முதல் செமஸ்டரிலிருந்தே எது கிடைத்தாலும் வேலை என்று ஓட வேண்டிவரும். லேபில் நின்று எலும்பை உடைத்துப் பார்க்க மனசு வராது. அதே பிள்ளை இரண்டு ஆண்டு இங்கேயே ஒரு திட்டத்தில் உதவியாளராக இருந்து, பிறகு நேரடியாக பிஎச்டி-க்குப் போகலாம். கடனே இல்லை.

பேராசிரியருக்கு எப்படி எழுதுவது?

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உன்னதமான ஆராய்ச்சியால் கவரப்பட்டேன்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போனால் நூறும் குப்பைக்குத்தான். எட்டு வரி போதும். முதல் இரண்டு வரியில் அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு குறிப்பான விஷயம்: ‘மெலிந்த எலும்பில் திருகு தளர்வதை நேர் இழுப்பில் சோதித்திருந்தீர்கள், பக்கவாட்டு ஆட்டத்தில் என்ன ஆகும் என்று ஆட்டெலும்பில் நான் பார்த்தபோது இப்படி வந்தது.’ கீழே ஒரே ஒரு வரைபடம். அப்புறம் நேராகக் கேளுங்கள்: அடுத்த ஆண்டுக்கு உங்கள் லேபில் நிதியுள்ள இடம் இருக்கிறதா? பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதைதான். துறைத்தலைவர் கையெழுத்தை விட, உங்களை லேபில் பார்த்த இளைய ஆசிரியரின் விவரமான கடிதம் மேல்.

கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடும் பத்திரிகைகளில் வேண்டவே வேண்டாம்; தெரிந்தவர்கள் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவார்கள்.

‘ஃபண்டட் பிஎச்டி கேரண்டி’ என்று கன்சல்டன்சி சொல்கிறதே?

சம்பளம் தரப்போகிற பேராசிரியர் ஏஜென்ட் வழியாக ஆள் எடுப்பதில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் நீங்களே போடலாம். அவர்களுக்குக் கொடுக்க நினைக்கும் ரூபாயை விண்ணப்பக் கட்டணத்துக்கு வையுங்கள்.

ஐந்து வருஷமா? பொண்ணுக்குக் கல்யாண வயசு தாண்டிவிடுமே?

இதைக் கேட்கிற அம்மாவிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: அது படிப்புச் செலவு இல்லை, சம்பளம் வருகிற வேலை. கல்யாணமும் பிள்ளைப்பேறும் பிஎச்டி நடுவிலேயே நடக்கின்றன. மகப்பேறு விடுப்பும் உண்டு. மற்றபடி வீட்டுப் பேச்சை வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

முடித்தால் வேலை?

இம்பிளான்ட் நிறுவனங்கள். ஸ்ட்ரைக்கருக்கு குருகிராமில் ஆய்வு மையம் இருக்கிறது. குஜராத் வாப்பியில் மெரில். 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு சோதனை, ஆவணம் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. கற்பித்தல் எப்போதும் உண்டு.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் அடிப்படைதான். எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று: வலது இடுப்பில் வலி இருக்கும் தாத்தா ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

நிறையப் பேர் வலது கை என்பார்கள். இடது கைதான் சரி. வலது காலில் மட்டும் நிற்கும்போது உடல் எடை இடுப்பு மூட்டுக்கு உள்பக்கமாக விழுந்து இடுப்பைச் சரிக்கப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கும். அந்தத் தசையின் நெம்புகோல் தூரம் குறைவு என்பதால் அது எடையைவிட அதிகமாக இழுத்தாக வேண்டும். மூட்டின் மேல் விழுவது எடையும் இழுப்பும் சேர்ந்தது. பெர்லின் குழு உணரி வைத்த செயற்கை இடுப்புகளில் அளந்தபோது, சாதாரண நடையில் உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு வந்தது. அந்த அளவுகள் ஆர்த்தோலோடு என்ற பெயரில் யாரும் எடுத்துக்கொள்ளத் திறந்தே கிடக்கின்றன. இடது கையில் ஊன்றுகோல் இருந்தால் அதன் தூரம் மூட்டிலிருந்து அதிகம். லேசாக ஊன்றினாலே தசையின் வேலை கணிசமாகக் குறைந்துவிடும்.

வாயால் சொன்னால் போதாது, பலகையில் படம் போட்டு விசைகளைக் குறிக்கச் சொல்வார்கள். 60 கிலோ தாத்தா, 10 கிலோ ஊன்றல் என்று வைத்து வீட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.